கொக்குக்குப் பெயர், கூனிக்கு மண்

மெக்சிக்கோ நகரின் சொச்சிமில்கோ வாய்க்கால்களில் வாழும் அக்சலோட்டில் என்னும் சலமந்தரை இன்று உலகம் அறியும். 1998இல் சதுர கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 6,000 என மதிப்பிடப்பட்டது, 2014இல் 36 ஆகச் சுருங்கியது. சிரிப்பது போன்ற வாயும் இறகு போன்ற செவுள்களும் அதற்கு உண்டு. 2021இல் அந்நாட்டின் 50 பேசோ நாணயத்தாளிலும் அது ஏறிவிட்டது. அதன்மீது எனக்குப் பகையில்லை. ஆனால் பத்திரிகை மேசையில் காலங்கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முகமுள்ள பிராணிக்கே நம்மிடம் செய்தி. மற்றவற்றுக்கு மரண அறிவித்தல்கூடக் கிடையாது.

கலிபோர்னியாவில் மழைக்காலத்தில் மட்டும் நீர் நிற்கும் குட்டைகள் உள. அவற்றில் ஓடற்ற, மல்லாந்து நீந்தும் கூனி போன்ற சிற்றுயிர் ஒன்று வாழ்கிறது. அமெரிக்கச் சட்டம் அதனை 1994இலேயே காப்புப் பட்டியலில் சேர்த்தது. அங்குள்ள புலிச் சலமந்தரின் கூட்டங்களோ 2000 முதல் 2004 வரையிலான காலத்திற்றான் இடம்பெற்றன. "ஒரு கூனிக்காகக் கட்டடத்தை நிறுத்துவதா?" என்ற ஏளனம் அங்கும் எழுந்தது. சலமந்தரின் குஞ்சு அத்தகைய சிற்றுயிர்களைத் தின்றே வளர்கிறது என்பதை ஏளனஞ் செய்தோர் எண்ணவில்லை.

இலங்கையில் சலமந்தர் இல்லை. எனவே நமக்கென்ன என்று இருந்துவிடலாமா? கொக்குவில் என்ற பெயரையே பாருங்கள். வில் என்பது சிறுகுளம். இணுவிலும் கோண்டாவிலும் அவ்வாறே. கொக்கை ஊர்ப்பெயரில் வைத்தோம். கொக்கு தின்னும் மீனையும், மீன் தின்னும் நீர்த்தெள்ளு முதலிய நுண்ணிய ஓட்டுடலிகளையும் மறந்தோம்.

கோடையில் குளம் வற்றியதும், "வெறுந்தரைதானே" என்று கிரவலும் கட்டட இடிபாடும் கொட்டுகிறார்கள். அது வெறுந்தரையன்று. வெடித்த சேற்றினுள் இச்சிற்றுயிர்களின் முட்டைகள் உறங்குகின்றன; சில ஆண்டுக்கணக்கிலும் தாங்கும். ஐப்பசி, கார்த்திகை மழை விழுந்ததும் அவை விழித்தெழும். 1864இல் பாரிசுக்குப் போன 34 அக்சலோட்டில்களின் வழித்தோன்றல்கள் இன்றும் ஆய்வுகூடத் தொட்டிகளில் வாழ்கின்றன. நம் குளத்துச் சேற்றுக்கு எந்த ஆய்வுகூடம் தொட்டி வைத்திருக்கிறது?

மனிதருக்கே வளவு இல்லாதபோது பூச்சிக்கு ஏன் குளம் என்று கேட்போர் உளர். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லாத குடாநாடு இது. சுண்ணக்கல்லின் மேல் தேங்கும் மழைநீரே கீழிறங்கிக் கிணறுகளை ஊட்டுகிறது. 2008 நவம்பரில் நிஷா புயலின் மழை பெய்தபோது வெள்ளம் வீட்டுக்குள் வந்ததைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குளத்தை நிரப்பினால் நீர் வேறெங்கு போகும்?

வரும் மாரியில் எஞ்சியிருக்கும் குளம் ஏதேனும் ஒன்றில் ஒரு கண்ணாடிக் குவளை நீர் மொண்டு, வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மண் போடுவதைப்பற்றி அதன்பிறகு பேசலாம்.