அம்மாவின் பெயரில் ஒரு கோப்பு

எங்கள் பீளமேட்டு வீட்டு அலமாரியில் அப்பாவின் பெயரில் நான்கு கோப்புகள் இருக்கின்றன. 2006இல் அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரியவந்த நாளிலிருந்து எடுத்த பரிசோதனைத் தாள்கள் அத்தனையும் தேதிவாரியாக அவற்றில் உண்டு. அடுக்கி வைத்தவர் அம்மா. எந்த மாதம் மாத்திரை மாறியது, எந்தத் தீபாவளிக்கு அடுத்த வாரம் சர்க்கரை 300ஐத் தாண்டியது, எந்த டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொன்னார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அம்மாவின் பெயரில் அந்த அலமாரியில் ஒரு தாள்கூட இருந்ததில்லை. அவருக்கு 68 வயது.

இந்த ஆடியில் ஒரு பரிசோதனைக்கூடம், கணவனுக்குப் பணம் கட்டினால் மனைவிக்குப் பாதி விலை என்று சலுகை அறிவித்தது. சலுகை வீணாகிவிடுமே என்று அம்மா கையை நீட்டினார். மறுநாள் தாள் வந்தது. வெறும் வயிற்றில் சர்க்கரை 112. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.1. கிரியாட்டினின் 1.1, பக்கத்தில் ‘நார்மல்’. அப்பா கண்ணாடியை மாட்டி முதலில் தன் தாளைப் படித்தார். பிறகு அம்மாவுடையதை எடுத்துப் பார்த்துவிட்டு, “பார்டர்தான். உனக்கொன்னுமில்ல” என்றார். பெங்களூரிலிருந்து அழைத்த தம்பி, “அப்பாவுக்கு எவ்வளவு?” என்று கேட்டான். அம்மா என்னிடம் சொன்னது இது: “எனக்கென்ன கண்ணு, நல்லாத்தான இருக்கறேன். உங்கப்பாவுக்குத்தான் கொஞ்சம் ஏறியிருக்குது.”

இந்த ‘எனக்கென்ன’வை எதிர்த்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். அதைச் சொல்லும் அம்மாக்களை எதிர்த்து அல்ல. அதைக் கேட்டதும் நிம்மதியாகிவிடும் நம்மை எதிர்த்து.

‘பார்டர்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது நீரிழிவின் முன்நிலை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு இந்த முன்நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. முன்நிலை என்பது திரும்பி நடக்க வழியிருக்கும் இடம். நடை, உணவு, தூக்கம் ஆகியவற்றை மாற்றிக்கொண்டால் கணிசமானவர்களுக்கு நோய் வராமலே தடுக்கலாம்.

இதை உலகுக்கு நிரூபித்துக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று நம் சென்னையில் நடந்தது. மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வு அது. எந்த மாற்றமும் செய்யாதவர்களில் மூன்றாண்டில் 55 சதவீதம் பேர் நீரிழிவுக்குப் போனார்கள். வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்டவர்களில் அது 39.3 சதவீதமாகக் குறைந்தது. பெருமைப்பட வேண்டிய ஆய்வுதான். ஆனால் அதில் பங்கெடுத்த 531 பேரில் ஆண்கள் 421, பெண்கள் 110. அதே வழியில் 2013இல் இன்னொரு ஆய்வு வந்தது. கைப்பேசிக் குறுஞ்செய்தி மூலம் நினைவூட்டினாலே நீரிழிவைக் குறைக்கலாம் என்று அது காட்டியது. அதில் இருந்த 537 பேரும் வேலைக்குப் போகும் ஆண்கள். ஆய்வாளர்களின் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. நாள் முழுக்க வீட்டில் இருப்பவளிடம், நோய் வருமுன் தடுக்கும் அறிவு கடைசியாகத்தான் வந்து சேர்கிறது என்று சொல்கிறேன்.

வீட்டுக்கே வந்தாலும் அப்படித்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் பெண் எங்கள் கதவைத் தட்டியபோது, அம்மா அவருக்கு மோர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டார். சோதனை அப்பாவுக்கு நடந்தது. மோர் டம்ளரை அம்மா கழுவிவைத்தார்.

அப்படியானால் பெண்ணுடலை யாரும் அளப்பதே இல்லையா? அளக்கிறார்கள். அதிலிருந்து வேறு யாருக்காவது ஏதாவது வேண்டியிருக்கும்போது அளக்கிறார்கள். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்வதில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. அதற்காக வாழ்நாளெல்லாம் பேசிய மருத்துவர் வி. சேஷய்யாவின் பிறந்த நாளான மார்ச் 10, கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பிள்ளை பிறந்த பிறகு என்ன ஆகிறது? கர்ப்பத்தில் சர்க்கரை ஏறிய பெண்ணுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்கு அதிகம் என்று 2009இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு சொன்னது. பிரசவமாகி ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த ஆறாவது வாரத்தில் வீடே குழந்தையின் எடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். குழந்தையை இறக்கிவைத்தவுடன் அவளுடைய சர்க்கரையும் இறங்கிவிட்டதாக நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

இனி அந்த ‘நார்மல்’ கிரியாட்டினினுக்கு வருகிறேன். என்னைத் தூங்கவிடாத எண் அதுதான். கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. அதை வெளியேற்றுவது சிறுநீரகம். பொதுவாகப் பெண்களுக்குத் தசை குறைவு. வயதாக ஆக இன்னும் குறையும். ஆகவே சிறுநீரகம் தளர்ந்த பிறகும் மெலிந்த ஒரு மூதாட்டியின் கிரியாட்டினின் பார்க்க ஒழுங்காகவே இருக்கும். 2021இல் திருத்தப்பட்டு இன்று உலகெங்கும் பயன்படும் சூத்திரத்தில் 1.1 என்ற எண்ணைப் போட்டுப் பார்த்தேன். 68 வயது ஆணுக்குச் சிறுநீரகம் வடிகட்டும் திறன் சுமார் 73 என்று வந்தது. அதே வயதுப் பெண்ணுக்குச் சுமார் 55. 60க்குக் கீழே போய் மூன்று மாதம் அப்படியே நீடித்தால் அதற்குப் பெயர் நாள்பட்ட சிறுநீரக நோய். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரே அளவுகோலை அச்சிட்ட தாள், அம்மாவை ‘நார்மல்’ என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஒரே ஒரு அளவு தீர்ப்பாகிவிடாது என்பது எனக்கும் தெரியும். அடுத்த அளவை யார் எடுக்கப் போகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

அம்மா இளமையில் ஒரு நூற்பாலையில் ரீலிங் பகுதியில் வேலை பார்த்தவர். கழிப்பறைக்குப் போக வேண்டிவருமே என்று ஷிப்டு முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்த கதையை இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார். முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் ‘வலி மாத்திரை’ என்று மட்டும் சொல்லி வாங்கி, பத்து வருடமாக விழுங்கிவருகிறார். அந்த வகை மாத்திரைகளை நீண்ட நாள் தின்றால் சிறுநீரகம் கெடும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. முனைவர் பட்டம் பெற்ற மகளும் சொல்லவில்லை.

2018 மார்ச் 8 அன்று உலக மகளிர் நாளும் உலக சிறுநீரக நாளும் ஒன்றாக வந்தன. உலகில் சுமார் 19.5 கோடிப் பெண்களுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருக்கிறது, ஆண்களைவிடப் பெண்களுக்கே அது அதிகம் வருகிறது, ஆனால் டயாலிசிஸ் மேசையில் பெண்கள் குறைவு என்று அன்று பேசினார்கள். மறுநாள் மறந்துபோனோம். இந்தியாவில் 1995 முதல் 2021 வரை நடந்த 36,640 உறுப்பு மாற்று அறுவைகளில் உறுப்பு பெற்ற பெண்கள் 6,945 பேர். மீதி 29,000க்கும் மேற்பட்டோர் ஆண்கள். உயிரோடு இருக்கும்போதே உறுப்பு தந்தவர்களிலோ பெரும்பான்மையோர் பெண்கள், மனைவிகள், அம்மாக்கள். ‘எனக்கென்ன’ என்று சொல்லிச் சொல்லியே ஒரு பரிசோதனைக்கும் போகாதவளை, கணவனுக்குச் சிறுநீரகம் பழுதானதும் தலைமுதல் கால்வரை பரிசோதிக்கிறார்கள். அந்த உடல் எவ்வளவு ஆரோக்கியமானது என்று அன்றைக்குத்தான் வீட்டுக்கே தெரிகிறது.

அன்பின் பெயரால் தருவது மட்டுமா? 2001இல் சென்னையில், சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் 71 சதவீதம் பெண்கள். 96 சதவீதம் பேர் விற்றது கடனை அடைக்க. 2025இல் நம் கொங்கு மண்ணிலேயே, ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பள்ளிபாளையத்தில், விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரகங்களைத் தரகர்கள் பேரம் பேசி வாங்கிய செய்தி வந்து நீதிமன்றம்வரை போனது. குடும்பத்தில் அடகு வைக்கத் தாலி இருக்கிறது. தாலி போன பிறகு அவள் உடல் இருக்கிறது.

‘அவர்களே வர மாட்டேன் என்கிறார்கள், நாம் என்ன செய்வது?’ என்று கேட்பவர்கள் உண்டு. வர மாட்டேன் என்று சொல்லச் சொல்லிக்கொடுத்தவர்கள் யார்? மிச்சத்தைத் தின்பவளைத்தான் தாய் என்று கொண்டாடினோம். சினிமாப் பாட்டும் பட்டிமன்றமும் மட்டும் இல்லை, என் முதல் தொகுப்பில் நானே எழுதியிருக்கிறேன். அடிப்பிடித்த சோற்றைத் தன் தட்டில் போட்டுக்கொள்ளும் அம்மாவைப் பற்றிய கவிதை. கல்லூரி விழாக்களில் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். வாசித்துக் கைதட்டல் வாங்குவேன். இன்று அந்தக் கவிதையை எடுத்துப் பார்க்கிறேன். மூன்று வேளையும் வெறும் சோறு, அரை வயிறு, இரவு பத்து மணிக்குச் சாப்பாடு. ஒரு நோயாளியின் குறிப்பை நான் அழகாக எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் கவிதையை இனி எந்த மேடையிலும் வாசிக்க மாட்டேன்.

இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். ‘பார்டர்’ என்று தெரிந்த மறுநாளே வீட்டில் அம்மாவுக்குக் காவல் போட்டுவிட்டோம். “காப்பில சக்கரை போட்டியா?” என்று அப்பா கேட்கிறார். “ஒப்புட்டு தின்னாதே” என்று தம்பி போனில் அதட்டுகிறான். ஆனால் ஒப்புட்டைச் சுடுவது அம்மாதான். அப்பாவுக்குக் களி, பேரனுக்குத் தோசை, எங்களுக்கு அரிசிம்பருப்புச் சோறு என்று மூன்று சமையல் செய்வதும் அம்மாதான். தினம் அரை மணி நேரம் நடக்கச் சொல்கிறார்கள். அந்த அரை மணி நேரத்தில் அடுப்படியில் யார் நிற்பது என்று ஒருவரும் சொல்வதில்லை. வேலையைப் பகிர்ந்துகொள்ளாமல் பத்தியத்தை மட்டும் திணித்தால் அதுவும் ஒரு அடக்குமுறைதான்.

இதைப் படிக்கும் மாணவிகளிடம் நான் கேட்பது அதிகமில்லை. இந்த மாதம் உங்கள் அம்மாவோடு நீங்களும் போங்கள். வெறும் வயிற்று அளவோடு நிறுத்தாதீர்கள். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் அளவில்தான் பல பெண்களின் சர்க்கரை பிடிபடுகிறது. எச்பிஏ1சியோடு ஹீமோகுளோபினையும் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்தால் அந்த எண் பொய்யாக ஏறிக்காட்டும். கிரியாட்டினின் ‘நார்மல்’ என்றால் விடாதீர்கள், வடிகட்டும் திறன் எவ்வளவு என்று கேளுங்கள். சிறுநீரில் ஆல்புமின் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் முதலில் தரும் எச்சரிக்கைகளில் ஒன்று அது. அம்மாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

குளுக்கோஸ் பரிசோதனைக்கு இரண்டு மணி நேரம் சும்மா உட்கார வேண்டும் என்றதும் அம்மா அதிர்ந்துபோனார். “ரெண்டு மணி நேரமா? அதுக்குள்ள ஒரு சமையலையே முடிச்சுப்போடலாமே கண்ணு.” அம்மா அப்படிச் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஐப்பசியில் மூன்று மாதம் முடிகிறது. அன்று காலை நானும் அவரும் போகிறோம். காலைச் சமையல் அப்பாவுடையது. உப்புமா கிண்டக் கற்றுக்கொள்ள அவருக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. ஹோப் காலேஜ் பக்கத்துக் கடையில் ஐந்தாவது கோப்பை வாங்கிவந்து அம்மாவின் பெயரை எழுதினேன். 112 என்று போட்ட அந்தத் தாளை முதல் பக்கத்தில் அவரே வைத்தார். அலமாரியில் அப்பாவின் கோப்புகளைக் கொஞ்சம் நகர்த்தி அதற்கு இடம் பண்ணினோம்.