மின்சார சைக்கிளா, ஸ்கூட்டரா?

குள்ளஞ்சாவடியிலிருந்து நெய்வேலிக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்பவர், மின்சார சைக்கிள் வாங்கலாமா என்று யோசிப்பது நியாயமே. நெய்வேலியில் வெட்டும் பழுப்பு நிலக்கரி மின்சாரமாகி எங்கெங்கோ செல்கிறது. அதில் ஒரு துளி நம் சக்கரத்தையும் சுழற்றட்டுமே!

ஆனால் சட்டப்படி, மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாயிருந்தால்தான் பதிவும் லைசென்ஸும் வேண்டியதில்லை. 250 வாட் என்பது ஒரு குதிரைச் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு. நெய்வேலி நகரியத்தின் அகன்ற வீதிகளுக்கு இது தாராளம். குறிஞ்சிப்பாடி, வடலூர் வழியாகப் பஸ்களுக்கும் லாரிகளுக்கும் நடுவே செல்வதற்கோ போதாது. ஹாரன் ஒலிக்கும்போதெல்லாம் மண்ணில் இறங்கி நிற்பதே பிரயாணமாகிவிடும்.

"வேகத் தடையை நீக்கித் தருகிறேன், நாற்பதில் பறக்கும்" என்று கடைக்காரர் ஆசை காட்டலாம். இணங்காதீர்கள். அக்கணமே அது பதிவில்லாத மோட்டார் வாகனமாகிவிடும். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸும் இராது. வீட்டிலிருப்போர் கதி என்ன?

இந்தச் சாலைக்குப் பதிவு செய்த மின்சார ஸ்கூட்டரே தகும். வாங்குமுன், வீட்டில் கனத்தவர் ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்தி மீண்டும் கிளப்பிப் பாருங்கள். திணறினால் வேறு கடை பாருங்கள். ஹெல்மெட்டையும் அன்றே வாங்கிவிடுங்கள்.