குற்றவியல் பட்டப்படிப்பு: யாரைக் குற்றவாளியாகக் காணப் பழக்கப் போகிறோம்?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்தவுடன் தேவாரம், கோம்பை, போடி வட்டாரக் குடியிருப்புகளிலிருந்து மாணவர்கள் எம்மைத் தேடி வருவது வழக்கம். பொழுது விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலைக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் தாய்மார்களின் பிள்ளைகள் அவர்கள். அண்மை ஆண்டுகளில் அவர்கள் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "குற்றவியல் பட்டப்படிப்பில் சேரலாமா? சேர்ந்தால் எஸ்.ஐ. ஆகிவிடலாமா?" என்பது.

இக்கேள்வி எழுவதற்குக் காரணம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3)ஆம் பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்குச் செல்ல வேண்டும் என்கிறது. இதனை மாநிலங்கள் ஐந்தாண்டுகளுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும். எனவே குற்றவியலையும் தடய அறிவியலையும் இணைத்த பட்டப்படிப்புகள் தனியார் கல்லூரிகளின் விளம்பரங்களில் முன்னிடம் பெறுகின்றன.

முதலில் நடைமுறை உண்மைகளைச் சொல்லிவிடுகிறோம். சார்பு ஆய்வாளர் தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். குற்றவியல் பட்டம் கட்டாயமன்று. தடய அறிவியல் ஆய்வகப் பணிகளுக்குப் பொதுவாக வேதியியல், இயற்பியல், உயிரியல் போன்ற அறிவியல் படிப்புகளே கோரப்படுகின்றன. கலைப் பட்டமாகக் குற்றவியல் படித்த ஒருவர் ஆய்வகக் கதவைத் தட்டினால் அது திறக்காமல் போகலாம். ஆகவே சேருமுன் பழைய பணி அறிவிக்கைகளைத் திரட்டி, கல்வித் தகுதிப் பகுதியைப் படித்துப் பார்க்க வேண்டும். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். நடுவண் அரசின் நெறிமுறைகளின்படி நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களுக்கு அது பொருந்தாது. கல்லூரி முகவர் சொல்லும் வாக்குறுதியை நம்பி முன்பணம் கட்டுவதற்கு முன், எந்த ஒதுக்கீட்டில் இடம் தரப்படுகிறது என்பதை எழுத்தில் பெறுங்கள்.

அப்படியானால் இப்படிப்பு வீண் என்கிறோமா? இல்லை. நம் பிள்ளைகள் இதனைப் படிக்க வேண்டும் என்பதே எம் கருத்து. ஆனால் அதற்கான காரணம் வேலைவாய்ப்பினும் பெரிது.

ரேகைச் சட்டத்தின் நிழல்

குற்றவியல் நூல்கள் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோவைப் பற்றிப் பேசாமல் தொடங்குவதில்லை. பிறவிக் குற்றவாளிகள் உண்டு, அவர்களை உடற்கூற்றைக் கொண்டே அறியலாம் என்று 1876இல் நூல் எழுதியவர் அவர். அதற்கு ஐந்தாண்டு முன்பே, 1871இல், ஆங்கிலேய அரசு இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றிவிட்டது. அங்கே மண்டையோட்டை அளந்தார்கள். இங்கே அந்த வேலையைச் சாதியே செய்து முடித்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் சென்னை மாகாணத்திலும் அது பரவியது. குறவர் உள்ளிட்ட பல சமூகங்கள் அதன்கீழ்க் கொண்டுவரப்பட்டன. மதுரை, கம்பம் பள்ளத்தாக்குப் பகுதிகளின் பிரமலைக் கள்ளர்களும் தப்பவில்லை. கைரேகை பதிய வேண்டும், இரவில் காவலர் கண்ணெதிரே படுத்துறங்க வேண்டும் என்ற கொடுமையை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. பெண் ஒருவர் உட்படப் பலர் உயிரிழந்தனர்.

இதே வட்டாரத்தில்தான் 1989இல் போடியைச் சுற்றிச் சாதிக் கலவரம் மூண்டது. தலித் மக்கள் உயிரையும் உடைமையையும் இழந்தனர். ஒரு காலத்தில் பிறப்பால் குற்றவாளிகள் எனப்பட்ட சமூகத்திலிருந்தும் வன்கொடுமை வழக்கின் எதிரிகள் வருகின்றனர். இவ்விரு உண்மைகளையும் ஒருசேரத் தாங்குவது கடினம். ஆனால் தாங்கித்தான் ஆக வேண்டும். 'அவர்கள் பிறவியே அப்படித்தான்' என்று நாம் சொல்லும் நொடியில், 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் மொழியையே பேசுகிறோம். அதே மொழி நாளை நம் குடியிருப்பு இளைஞனைச் சந்தேக வழக்கில் இழுத்துச் செல்லும்போதும் பயன்படும். குற்றம் குருதியில் இல்லை. அதிகாரத்திலும் நிலவுடைமையிலும், தண்டனை வராது என்ற துணிவிலும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவன் ஒருவனை உடன் பயின்றவர்களே வீடு புகுந்து வெட்டியதை வேறு எவ்வாறு விளங்கிக்கொள்வது? அச்சிறுவர்கள் அரிவாளோடு பிறக்கவில்லை. அரிவாளை அவர்கள் கையில் கொடுத்த சூழலை ஆராய்வதே குற்றவியல்.

சிறைக்குள்ளும் சாதி

2022ஆம் ஆண்டுக்கான தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரப்படி, நாட்டின் சிறைவாசிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். மக்கள்தொகையில் 16.6 விழுக்காடாக உள்ள பட்டியல் சாதியினர் சிறைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக இருக்கின்றனர். பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைப்பதை எதிர்த்த வழக்கில், மோதலைத் தவிர்க்கவே அவ்வாறு செய்வதாக அரசு கூறிய விளக்கத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்றது. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்சநீதிமன்றம் அவ்வணுகுமுறையை ஏற்க மறுத்ததோடு, சிறை விதிகளில் இருந்த சாதிப் பாகுபாடுகளையும் செல்லாதவையாக்கியது. இத்தீர்ப்பை வரி வரியாகப் படிக்காத குற்றவியல் வகுப்பறை, சீருடைக்கு ஆள் தயாரிக்கும் பயிற்சிக்கூடமாக மட்டுமே இருக்கும்.

எல்லைக்கு அப்பால் நடக்கும் குற்றங்களும் உண்டு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு சிக்கல் முற்றியபோது, இடுக்கித் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளர்கள் தாக்குதலுக்கு அஞ்சிக் காட்டுப்பாதை வழியே இறங்கி வந்தனர். குற்றம் கேரளத்தில் நடந்தது. பாதிக்கப்பட்டவர் வீடு தேனியில் இருந்தது. எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிய வேண்டும் என்பது இன்று புதிய சட்டத்தின் 173ஆம் பிரிவிலேயே இடம்பெற்றுள்ளது. 'அது எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்பப்படும் தோட்டத் தொழிலாளிக்கு இதைச் சொல்லித் தர ஊருக்கு ஒருவராவது வேண்டாமா?

பாதிக்கப்பட்டோர் பக்கம் நின்று

குற்றவாளியை மட்டுமன்றிப் பாதிக்கப்பட்டோரையும் ஆராயும் துறையை இந்தியாவில் வளர்த்ததில் சென்னைப் பல்கலைக்கழகக் குற்றவியல் துறைக்குப் பெரும் பங்குண்டு. இந்தியப் பாதிக்கப்பட்டோரியல் சங்கம் 1992இல் தோன்றியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 15அ பிரிவு, பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு, பயணச் செலவு, விசாரணை நிலையை அறியும் உரிமை ஆகியவற்றைத் தருகிறது. இதனைப் பாடத்தில் ஒரு பத்தியாகக் கடக்காமல், தனித் தாளாகவே வைக்க வேண்டும் என்று பல்கலைக்கழகங்களிடம் கோருகிறோம்.

இப்படிப்பில் சேர்ந்துள்ள மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1995ஆம் ஆண்டு விதிகளின் 17ஆம் விதிப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையிலான விழிப்புணர்வுக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். உங்கள் மாவட்டத்தில் கடந்த மூன்றாண்டுகளில் அது எத்தனை முறை கூடியது, எத்தனை குடும்பங்களுக்குத் தீருதவி சென்றது, எத்தனை வழக்குகளில் பொய்ப் புகார் என்று முடிக்கப்பட்டது எனத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறுங்கள். உங்கள் இறுதியாண்டு ஆய்வேடு அதுவாக இருக்கட்டும். அந்த ஆய்வேட்டைக் கையிலெடுத்துக்கொண்டு, 2019இல் தொடங்கப்பட்ட தேனி அரசு சட்டக் கல்லூரியின் மூன்றாண்டுப் படிப்புக்கும் விண்ணப்பியுங்கள்.

எஸ்.ஐ. ஆக விரும்பும் தங்கைக்கும் எம் பதில் இதுவே: ஆகுங்கள். வழக்குப் பதிய மறுக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் நம்மவர் ஒருவர் அமர்வது சிறிய செய்தியன்று. ஆனால் ஏலக்காட்டிலிருந்து இறங்கி வந்து அந்த மேசை முன் நிற்கும் பெண்ணைக் கண்டதும், 'நீ என்ன ஆளு' என்று கேட்காத கண்ணோடு அமருங்கள்.