கொத்தனாரின் மகள் நேர்காணலில் என்ன சொல்வாள்?

கட்டடக் கலைப் பட்டப்படிப்பில் சேரப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டும் போதாது. கட்டடக் கலைக் குழுமம் 2006 முதல் நடத்தும் நாட்டா, அல்லது ஜேஇஇ முதன்மைத் தேர்வின் இரண்டாம் தாள் எழுத வேண்டும். ஐஐடிகளில் சேர, ஜேஇஇ அட்வான்ஸ்டில் தேறிய பின்னும் தனியொரு தேர்வு உண்டு. தனியார் பல்கலைக்கழகங்கள் சில இவற்றுக்கு மேல் நேர்காணல் நடத்தி, மாணவர் வரைந்த படங்களின் தொகுப்பையும் கேட்கின்றன.

நேர்காணலுக்குத் தயாராவது என்பதன் பொருள் என்ன? சண்டிகரைப் பற்றியும் ல கொர்பூசியேயைப் பற்றியும் தங்குதடையற்ற ஆங்கிலத்தில் பேசப் பழகுவது. இதற்குப் பெருநகரப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. ஓவிய ஆசிரியரே இல்லாத அரசுப் பள்ளியில் படித்தவளுக்கு யார் இருக்கிறார்கள்? நாட்டாவிலிருந்து கைவரைவைச் சில ஆண்டுகள் நீக்கிவைத்து, 2024இல் மீண்டும் சேர்த்தார்கள். இத்தகைய திருப்பங்களுக்கு ஈடுகொடுக்கப் பயிற்சி மையங்களால் முடியும், அவளால் முடியாது.

ஆனால் அவள் அறிந்தவையும் உண்டு. கலவையின் பதம், சாரத்தின் உறுதி, மேற்கு வெயில் தாக்கும் சுவரின் சூடு ஆகியவற்றைத் தந்தையின் வேலையிடத்தில் கண்டிருக்கிறாள். இது கட்டடக் கலை இல்லையா? லாரி பேக்கர் இதைக் கலையாகவே மதித்தார். செங்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு அடுக்கும் எலிப்பொறிக் கட்டுமுறையை அவர் பரப்பினார். ஏறத்தாழக் கால் பங்கு செங்கல் மிச்சம். வெப்பமும் குறைவாகவே உள்ளே இறங்கும். தோழர் அச்சுத மேனன் கேரள முதல்வராக இருந்த காலத்தில் நிறுவப்பட்ட திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மைய வளாகம் பேக்கரின் படைப்பே. 1985இல் மேனனும் பொருளியலாளர் கே.என். ராஜும் பேக்கருடன் இணைந்து காஸ்ட்ஃபோர்டு அமைப்பை உருவாக்கினர். ஏழைக்கும் கட்டுப்படியாகும் வீடு என்பதே அதன் நோக்கம். நேர்காணல் மேசையில் இந்த மரபைப் பற்றி ஒரு கேள்வியேனும் எழட்டும். பதிலைத் தாய்மொழியில் சொல்லவும் இடமிருக்கட்டும்.

நம் கடமையும் இருக்கிறது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நலவாரியங்கள் கல்வி உதவியும் வழங்குகின்றன. நாட்டாவை ஒரே ஆண்டில் பலமுறை எழுதலாம். ஒவ்வொரு முறையும் கட்டணம் தனி. வசதியுள்ளவர் மறுபடி எழுதி மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்கிறார். பதிவு பெற்ற தொழிலாளரின் பிள்ளைகளுக்கு இக்கட்டணத்தையும் வரைதல் பயிற்சிச் செலவையும் வாரியமே ஏற்க வேண்டும் என்ற கோரிக்கையை நமது கட்டுமானச் சங்கங்கள் இதுவரை உரக்க எழுப்பவில்லை. அடுத்த மாநாட்டுத் தீர்மானங்களில் அது இடம்பெற வேண்டும். அதுவரை காத்திராமல், கோடை விடுமுறையில் சங்க அலுவலகங்களை மாலை நேர வரைதல் வகுப்புகளுக்குத் திறந்துவிடலாம்.