திகிற்படக்காரர் வீட்டுச் சங்கீதம்

சென்ற வாரம் எமது காரியாலயத்துக்கு வந்திருந்த ஆசிரிய நண்பர் ஒருவர், இவ்வாரப் பக்கத்தில் நாம் எழுத எண்ணியிருக்கும் விடயம் யாது என விசாரித்தார். திகிற் படங்கள் எடுத்துப் பெயர்பெற்ற அமெரிக்க இயக்குநர் ஜோன் கார்ப்பென்டர், தமது அறுபத்தேழாவது வயதிலே மகனையும் ஞானப்பிள்ளையையும் சேர்த்துக்கொண்டு இசைத்தட்டு வெளியிட்டதைப் பற்றி எழுதப்போகிறோம் என்றோம். நண்பரின் முகம் சுருங்கிற்று. "பேய்ப்படக்காரருக்கும் இலக்கியப் பகுதிக்கும் என்ன தொடர்பு ஐயா? அதிலும், படம் எடுப்பதை விட்டு வீட்டில் இருந்த மனிதர் பொழுதுபோக்காக வாசித்த வாத்தியத்தைப் பற்றியா எழுதப்போகிறீர்கள்?" என்றார்.

நண்பர் கன்னத்தில் அறைந்தாற்போலக் கேட்கவில்லை, மரியாதையாகவே கேட்டார். ஆயினும் அவர் கேள்வியில் இரண்டு தீர்ப்புகள் அடங்கியிருந்தன. திகிற்கதை தாழ்ந்த சாதிக் கலை என்பது ஒன்று. தன் துறையை விட்ட கலைஞன் பிறகு செய்வதெல்லாம் ஓய்வுகால விளையாட்டு என்பது மற்றொன்று. முதலாவது தீர்ப்பை ஒரு காலத்தில் நாமும் வழங்கியவர்களே. பல ஆண்டுகளுக்கு முன் கார்ப்பென்டரின் 'ஹலோவீன்' படத்தைப் பார்த்துவிட்டு வந்த இரவில், முகமூடிக் கொலைகாரனையும் கத்தியையும் வீடு வருமுன்னரே மறந்துவிட்டோம். ஆனால், அந்தப் பியானோ மறக்கவில்லை. படுக்கையிலும் கூடவே வந்தது. தாழ்ந்த கலை என்று நாம் தள்ளிவைத்த ஒன்று ஏன் எம்மை விடாமற் பிடித்துக்கொண்டது என்ற கேள்விதான் இக்கட்டுரைக்கு வித்து.

கார்ப்பென்டர் 1948ஆம் ஆண்டு நியூ யோர்க் மாநிலத்திற் பிறந்து, கென்டக்கி மாநிலத்து பௌலிங் கிறீன் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். தந்தையார் ஹவார்ட் கார்ப்பென்டர் அவ்வூர்க் கல்லூரியிலே சங்கீதப் பேராசிரியர், வயலின் வித்துவான். மகனுக்கும் எட்டு வயதில் வயலினைக் கையிற் கொடுத்துப் பார்த்தார். கை படியவில்லை. இசைக்குறியீட்டை எழுதவோ வாசிக்கவோ தமக்குத் தெரியாதென்று மகனே பிற்காலத்திற் சொல்லிக்கொண்டதுண்டு. குலவித்தை கல்லாமலே வரும் என்று நம்மவர் சொல்வர். இங்கே அது கற்பித்தும் வரவில்லை! எனினும் தந்தை வேறொன்றைக் கொடுத்தார். மகனுக்குப் பதின்மூன்று வயதளவில், பொங்கோ என்னும் சிறு மத்தள இணையை முன்னே வைத்து, ஐந்தெண்ணிக்கைத் தாளத்தைத் தட்டிக் காட்டினார். எமது தாளவியலிற் கண்டம் என்று சொல்லப்படும் அதே ஐந்து. மேலை நாட்டு வெகுசன சங்கீதத்தில் அது அருமையாகவே கேட்கப்படுவது.

அந்த ஐந்து பதினாறு பதினேழு வருடங்கள் மகனுக்குள்ளே கிடந்தது. 1978இல் 'ஹலோவீன்' வெளிவந்தது. மூன்று இலட்சம் டொலரைச் சற்றே தாண்டிய செலவில், ஹொலிவூட் கணக்கிற் சொற்பத்திலும் சொற்பமான தொகையில், எடுக்கப்பட்ட படம் அது. இசை சேர்க்குமுன் அதனைப் பெரிய ஸ்டூடியோ ஒன்றின் அதிகாரியான இளம்பெண் ஒருவருக்குப் போட்டுக் காட்டினார். அம்மணி சிறிதும் பயப்படவில்லை. படத்தை இசையாலாவது காப்பாற்ற வேண்டும் என்ற பிடிவாதம் அன்றுதான் தமக்கு வந்தது என்கிறார் கார்ப்பென்டர். வாத்தியக் குழுவை அமர்த்தப் பணம் இல்லை. எனவே தாமே பியானோவின் முன் உட்கார்ந்தார். மேற்ஸ்தாயியில் இரண்டு மூன்று சுரங்கள், ஐந்தெண்ணிக்கையில், ஓயாத தட்டல். சிறிது நேரத்தில் அத்தனையும் அரைச்சுரம் கீழே இறங்கும், அவ்வளவே. நான்கென்று எண்ணப் பழகிய காது அடி முடிந்ததென ஓய எத்தனிக்கையில் இன்னொரு அடி எஞ்சி நிற்கிறது. வீட்டில் எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள் என்று கதவைச் சாத்தப் போகும்போது வாசலில் இன்னொரு காலடி கேட்டாற்போல. மாதங்கள் சில சென்றபின் அதே அதிகாரியைச் சந்தித்தாராம். அவருக்கும் இப்போது படம் பிடித்திருந்தது. இசையைத் தவிர வேறெதுவும் மாறியிருக்கவில்லை. படத்தின் முடிவில் இசைக் குழுவின் பெயராக 'பௌலிங் கிறீன் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழு' என்று காட்டப்படும். அப்படி ஒரு குழு இல்லை. ஊரின் பெயர் மாத்திரம் மெய்.

சின்தசைசர் என்னும் மின்னொலிக் கருவியைப் பற்றி மாணவ வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நரம்பையோ தோலையோ அதிரச் செய்யாமல், மின்னோட்டத்தையே குறிப்பிட்ட வேகத்தில் அலையச் செய்து, அவ்வலையை வடிகட்டி, வேண்டியவாறு வளர்த்தும் தேய்த்தும் ஒலிபெருக்கி வழியே வெளிவிடுவது அது. பழைய கருவிகள் வெப்பம் ஏறினாலே சுருதி கலையும் சுபாவமுடையவை. வாசிக்குமுன் ஒவ்வொரு முறையும் சுருதி பிடிக்க வேண்டும். அந்நாளில் அவற்றை இயக்கிக் கொடுக்க டான் வைமன் என்ற வல்லுநரும், 1981க்குப் பிறகு அலன் ஹவார்த்தும் கார்ப்பென்டருக்குத் துணை நின்றனர். வறுமைக்குத்தான் இக்கருவி வந்து வாய்த்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நாற்பது பேர் வாசிக்க வேண்டியதை ஒருவர் வாசிக்கலாம். நாளடைவில் அந்த வறுமையே அவரது பாணி ஆயிற்று. இல்லாமை ஒருவருக்கு நடையாகிவிடுவதைச் சிறுகதைக்காரர்களிடத்தும் நாம் கண்டிருக்கிறோம்.

இனி, நண்பரின் இரண்டாவது தீர்ப்பு. அவர் ஏன் படம் எடுப்பதை விட்டார்?

1982ஆம் ஆண்டு ஜூன் மாதம் 'த திங்' வெளிவந்தது. தென்துருவப் பனியிலே அடைபட்ட பன்னிரண்டு ஆடவர். தம்முள் ஒருவன் மனிதனே அல்லன் என்று அறிந்தும், அவன் யாரென்று அறிய மாட்டாத தவிப்பு. இன்று அதனை அவருடைய படங்களில் தலையாயதென்பவர் பலர். நாமும் அவர்களுடனேயே சேர்கிறோம். அன்றோ விமர்சகர்கள் அதனை அருவருப்பின் கண்காட்சி என்றவாறு கிழித்தெறிந்தனர். இரண்டு வாரம் முன்னரே ஸ்பீல்பேர்க்கின் 'ஈ.ரி.' வந்திருந்தது. வானுலகத்து விருந்தாளியைக் கட்டியணைத்துக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்த சனங்கள் கார்ப்பென்டரின் விருந்தாளியை வாசலிலேயே நிறுத்திவிட்டனர். படம் விழுந்தது. அடுத்து ஸ்டீபன் கிங்கின் 'பயர்ஸ்டாட்டர்' நாவலைப் படமாக்க அவருக்குத் தரப்பட்டிருந்த வாய்ப்பும் அதனோடு பறிபோயிற்று. வேறொருவர் இயக்கி 1984இல் அது வெளிவந்தது. 'த திங்' படத்துக்கு இசையமைத்தவர் இத்தாலிய மேதை எனியோ மொரிக்கோனே. அவ்வாண்டின் மிக மோசமான இசை என்ற பரிகாசப் பட்டியலில் அவர் பெயரையும் ஏற்றினார்கள். அப்படத்துக்கென எழுதிப் பயன்படாமற் கிடந்த பகுதிகள் சில 2015இல் 'த ஹேற்புல் எய்ற்' படத்திற் சேர்ந்தன. அப்படத்தின் இசைக்கு மொரிக்கோனே ஒஸ்கார் பெற்றார். விமர்சகர் என்போர் இதைச் சற்று நினைவில் வைத்திருக்கலாம். எம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.

கார்ப்பென்டர் அதன் பின்னும் பல படங்கள் எடுத்தார். சில நன்று, சில நன்றல்ல. 2001இல் 'கோஸ்ட்ஸ் ஒப் மார்ஸ்' முடிந்தபோது மனிதர் களைத்துப்போயிருந்தார். எழுதி, இயக்கி, இசையும் அமைத்து, பணம் போட்டவர்களோடு வாதாடி நடந்த முப்பதாண்டுகளின் களைப்பு. 2010இல் 'த வார்ட்' வந்தது. அதற்குப் பின் நெடுங்காலம் முழுநீளப் படம் எதனையும் அவர் இயக்கவில்லை.

இந்த இடத்திலேதான் மகன் வருகிறார். கோடி கார்ப்பென்டர் 1984இற் பிறந்தவர். தாயார் நடிகை ஏட்ரியன் பார்போ. 2005இலும் 2006இலும் தந்தை தொலைக்காட்சிக்கென இயக்கிய இரு சிறுபடங்களுக்கு இசையமைத்தவர் இந்த மகனே. பின்னர் வீட்டில் நடந்ததைத் தந்தை சொல்லியிருக்கிறார். இருவரும் ஓரிரு மணி நேரம் வீடியோ விளையாட்டு ஆடுவார்களாம். அலுத்ததும் கீழ்த்தளத்துக்கு இறங்கிக் கணினியோடு இணைத்த வாத்தியத்தில் தோன்றியதை வாசித்துப் பதிவு செய்வார்கள். மறுபடி மேலே ஏறி விளையாட்டு. இப்படியே ஏறியிறங்கியதில் ஏறக்குறைய ஒரு மணி நேர இசை சேர்ந்துவிட்டது. அதற்கு ஒரு படம் இல்லை, தயாரிப்பாளர் இல்லை, முடித்துக் கொடுக்க வேண்டிய தேதியும் இல்லை. மகன் ஆங்கிலம் கற்பிக்க யப்பானுக்குப் போய்விட்டார். (ஆசிரியத் தொழில் எங்கெல்லாம் கலைஞரை இழுத்துப் போகிறது பாருங்கள்!) பின்னொருநாள் தந்தையின் புதிய சட்டத்தரணி, புதிதாக ஏதும் உண்டா என்று கேட்டார். அந்தப் பதிவுகள் அனுப்பப்பட்டன. சேக்ரட் போன்ஸ் என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனம் 2015 பெப்ரவரியில் 'லொஸ்ட் தீம்ஸ்' என்ற பெயரில் அவற்றை வெளியிட்டது. மூன்றாமவர் டானியல் டேவிஸ், கின்க்ஸ் என்ற ஆங்கில இசைக்குழுவின் டேவ் டேவிஸினுடைய புதல்வர், கார்ப்பென்டரின் ஞானப்பிள்ளை. கித்தார் அவருடையது.

எமது அபிப்பிராயத்தை ஒளிக்காமற் சொல்லிவிடுகிறோம். இத்தட்டில் உள்ள எல்லாமே சிறந்தவை அல்ல. சில இடங்களிற் கித்தார் அளவுக்கு மிஞ்சி முழங்குகிறது; 'ஹலோவீன்' இசையில் இருந்த அந்த வற்றிய எளிமை இங்கே சதை போட்டுவிட்டது. காட்சி இருந்தபோது இசை அதற்கு இடம்விட்டு ஒதுங்கி நின்றது. காட்சி போனதும் அந்த வெற்றிடத்தையும் இசையே நிரப்பப் பார்க்கிறது. ஆயினும் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டால், எடுக்கப்படாத ஒரு படம் கேட்பவரின் மனத்திலே ஓடத் தொடங்குகிறது. கேட்பவர் அவ்வாறே கற்பனை செய்ய வேண்டுமென்றுதான் கார்ப்பென்டரும் விரும்பினார். முன்னே அவர் தமது திகிலை எமக்குக் காட்டினார். இப்போது எமது திகிலை நாமே கண்டுகொள்ளும்படி விட்டுவிட்டு ஓரமாக இருக்கிறார். இதனை ஓய்வுகால விளையாட்டு என்று எவ்வாறு தள்ளுவது? விளையாட்டாகத் தொடங்கியது உண்மை. விளையாட்டாகத் தொடங்கியதனாலேயே அக்களைத்த மனிதருக்கு அது கைகூடிற்று என்பதும் உண்மை.

2016இல், அறுபத்தெட்டாவது வயதில், வாழ்நாளில் முதன்முறையாக அவர் இசைச் சுற்றுப்பயணம் புறப்பட்டார். பின்னால் திரையிலே பழைய படங்களின் காட்சிகள். முன்னே தலை நரைத்த தந்தை நின்றபடி வாத்தியத்தைத் தட்டுகிறார். ஒருபுறம் மகன், மறுபுறம் டானியல். வாசிப்புத் திறத்தில் மகனே தம்மினும் தேர்ந்தவர் என்று தந்தை ஒப்புக்கொண்டிருக்கிறார். இசைக்குறியீடு அறியாத ஒருவர் பேராசிரியரான தந்தைக்கும் கைதேர்ந்த மகனுக்கும் இடையில் நின்று அந்த ஐந்தெண்ணிக்கையைக் கைமாற்றியிருக்கிறார். 2018இல் டேவிட் கோர்டன் கிறீன் இயக்கிய புதிய 'ஹலோவீன்' படத்துக்கும், அதனைத் தொடர்ந்து 2021இலும் 2022இலும் வந்த இரண்டுக்கும் இம்மூவருமே இசை. 'லொஸ்ட் தீம்ஸ்' வரிசையில் நான்காவது தட்டு 2024இல் வெளிவந்தது.

இன்னொன்று. 2022இல் 'பயர்ஸ்டாட்டர்' மீண்டும் படமாக்கப்பட்டது. 'த திங்' விழுந்ததற்குத் தண்டனையாக எந்தக் கதை அவர் கையிலிருந்து பறிக்கப்பட்டதோ, அதே கதை. இயக்கியவர் வேறொருவர். இசையமைத்தோர் ஜோன் கார்ப்பென்டர், கோடி கார்ப்பென்டர், டானியல் டேவிஸ். படம் பெரிதாகச் சோபிக்கவில்லை. கார்ப்பென்டருக்கு அதனால் எவ்வித நட்டமும் இல்லை. இம்முறை அவர் தமது பங்கை வீட்டில் இருந்தபடி, பிள்ளைகளோடு செய்து முடித்திருந்தார்.

இவ்வளவையும் ஆசிரிய நண்பரிடம் சொல்லி முடித்து, 'லொஸ்ட் தீம்ஸ்' தட்டையும் கையிற் கொடுத்தோம். இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள் என்றோம். பிள்ளைகள் பயப்படுவார்கள், பகலிலேயே கேட்கிறேன் என்று சொல்லிப் போனார். தட்டு இன்னும் திரும்பி வரவில்லை.