மூட்டைக்கு ஒரு மதிப்பு, பாலிசிக்கு ஒரு மதிப்பா?

ஐப்பசி பிறந்துவிட்டால் கடலூர் மாவட்டத்து வியாபாரிக்கு இரண்டு கவலை. ஒன்று, தீபாவளிச் சரக்கு தேங்காமல் விற்றுத் தீர வேண்டுமே என்பது. மற்றொன்று, வானம். முதல் கவலைக்கு ஆடி மாதத்திலேயே கணக்குப் போட்டுக் கொள்முதல் செய்கிறோம். இரண்டாவது கவலைக்கு மட்டும் எந்தக் கணக்கும் போடுவதில்லை. போன வருடம் தப்பித்தோம், இந்த வருடமும் தப்பிப்போம் என்று இருந்துவிடுகிறோம். இதைப் பற்றித்தான் சங்க உறுப்பினர்களிடம் மனம் விட்டுப் பேச விரும்புகிறோம்.

நம் மாவட்டம் பட்டதைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். 2001 செப்டம்பர் 25-ல் புதுச்சேரிக்கு அப்பால் கடலடியில் நிலம் நடுங்கியது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி தேவனாம்பட்டினம் போன்ற மீனவர் ஊர்களை வாரிக்கொண்டு போனது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை ஏறி, பண்ருட்டிப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2015 நவம்பரில் தீபாவளியை ஒட்டி நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பண்ருட்டி வட்டாரத்தில் பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை வெள்ளம் மனிதர்களையே அடித்துச் சென்றது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த இரண்டொரு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து கடலூரைச் சூழ்ந்தது. கால் நூற்றாண்டுக்குள் இத்தனை. இனியும் இதை எதிர்பாராத விபத்து என்று சொல்வது சரியல்ல. வாடகை, மின் கட்டணம் போல இதுவும் நம் தொழிலின் செலவுகளில் ஒன்று.

நெய்வேலி மேட்டு நிலம், தண்ணீர் நிற்காது என்று நம்மவர் சிலர் சொல்வதுண்டு. நகரியத்துக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஆனால் மேட்டில் பெய்வது பள்ளத்துக்குத்தானே போக வேண்டும்? மழை நீரும் சுரங்கத்திலிருந்து இறைக்கும் நீரும் பரவனாறு வழியே குறிஞ்சிப்பாடிப் பக்கம் இறங்குகின்றன. தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு என்று வரும் ஆறுகளும் நம் மாவட்டத்தில்தான் கடல் சேர்கின்றன. மெயின் பஜாரிலும் மந்தாரக்குப்பத்திலும் உள்ள மொத்தக் கடைகள் மேட்டில் இருக்கலாம். நம்மிடம் கடனுக்குச் சரக்கு எடுக்கும் கிராமத்து மளிகைக்காரர் பள்ளத்தில் இருக்கிறார். அவர் கடையில் தண்ணீர் புகுந்தால் நம் கல்லாவிலும் புகுந்தது என்றே அர்த்தம்.

முதலில் நம் தவறைச் சொல்லிவிடுகிறோம். தானே புயலில் நம் கிடங்கின் தகரக் கூரை பறந்து, பருப்பும் சர்க்கரையும் விடிய விடிய நனைந்தன. இன்சூரன்ஸ் இருக்கிறது என்ற தைரியத்தில் இருந்தோம். சர்வேயர் வந்து பாலிசியைப் பிரித்துப் பார்த்தார். அதில் இருந்தது கடையின் முகவரி. சரக்கு நனைந்ததோ இரண்டு தெரு தள்ளியிருந்த கிடங்கில். கிடங்கை வாடகைக்குப் பிடித்து நான்கு வருடம் ஆகியும் அந்த முகவரியைப் பாலிசியில் சேர்க்க நமக்குத் தோன்றவில்லை. ஒரு பைசா வரவில்லை. ஆண்டுதோறும் பிரீமியம் கட்டிய நாம் ஒரு முறையாவது அந்தக் காகிதத்தைப் படித்திருக்க வேண்டும்.

2015-ல் நம் வாடிக்கையாளர் ஒருவருக்கு வந்த கஷ்டம் வேறு விதம். குறிஞ்சிப்பாடிப் பக்கம் சிறிய மளிகைக் கடை. தீபாவளிக்காகச் சேர்த்த சரக்கு ஏறக்குறைய 8 லட்சம். பாலிசி 3 லட்சத்துக்கு. உப்பும் வெல்லமும் கரைந்து, மாவு மூட்டைகள் கல்லாகி, 4 லட்சத்துக்கு நஷ்டம். பாலிசித் தொகையான 3 லட்சம் முழுதாக வரும் என்று அவர் நம்பினார், நாமும் நம்பினோம். கைக்கு வந்தது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு.

இது கம்பெனியின் மோசடி அன்று. காப்பீட்டில் உள்ள விகிதாசார விதி. 8 லட்சம் சரக்கு வைத்துக்கொண்டு 3 லட்சத்துக்கு மட்டும் பிரீமியம் கட்டினால், மீதி 5 லட்சத்துக்கு நீங்களே பொறுப்பேற்றுக்கொண்டதாக அர்த்தம். எனவே எந்த நஷ்டத்திலும் எட்டில் மூன்று பங்குதான் கம்பெனி தரும். 4 லட்சத்தில் எட்டில் மூன்று பங்கு ஒன்றரை லட்சம். அதிலும் ஒரு சிறு தொகையைக் கழித்துக்கொள்வார்கள். இந்தக் கணக்கு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2021 ஏப்ரல் முதல், மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய் வரை உள்ள சிறு தொழில், வியாபாரங்களுக்கென்று 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசியைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டு வந்திருக்கிறது. தீ மட்டுமல்ல, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் அதில் அடங்கும். மதிப்பில் 15 சதவீதம் வரை குறைவு இருந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் குறைந்தால் பழைய விகிதாசாரக் கணக்குதான்.

அப்படியிருக்க, சரக்கின் முழு மதிப்புக்குப் பாலிசி எடுக்க நம்மவர் ஏன் தயங்குகிறார்கள்? பிரீமியம் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. உண்மைக் காரணம் வேறு என்பது நமக்குத் தெரியும். கடையில் இருக்கும் சரக்கில் ஒரு பகுதிக்குப் பில் இல்லை. துண்டுச் சீட்டில் வந்த சரக்கைப் பாலிசியில் காட்டப் பயம். வெள்ளம் வந்த பிறகு சர்வேயர் கேட்கும் முதல் கேள்வியே கொள்முதல் பில் எங்கே என்பதுதான். இல்லாத பில்லுக்கு யார் பணம் தருவார்?

இந்தக் குற்றத்தைச் சில்லறை வியாபாரியின் தலையில் மட்டும் போடுவது நியாயமாகாது. துண்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தது யார்? மொத்த வியாபாரிகளாகிய நாம்தான். வேகமாகச் சரக்கு நகர வேண்டும் என்று நாம் செய்த காரியம், அவர் கடையில் தண்ணீர் புகுந்த அன்று அவரை நிராயுதபாணியாக நிறுத்துகிறது. அந்த வாரத்திலேயே நம் ஆளை அனுப்பிப் பாக்கியையும் கேட்கிறோம். 2015-ல் அப்படிக் கேட்டவர்களில் நாமும் உண்டு. வெட்கத்தோடுதான் எழுதுகிறோம்.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, அழிந்துபோன சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. ஏற்கெனவே எடுத்திருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும். காம்போசிஷன் முறையில் வரி கட்டுவோர் இந்த வரவே எடுப்பதில்லை என்பதால் அவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. மற்றவர்களுக்குச் சரக்கும் போய், அதற்கான வரியும் போகிறது. திருடியோ மறைத்தோ போகவில்லை, வெள்ளத்தில் போனது. பேரிடர் பாதித்த பகுதி என்று அரசே அறிவித்த இடங்களிலாவது இந்த விதியிலிருந்து விலக்கு வேண்டும் என்று நம் சங்கம் தீர்மானம் போட்டு மாநில அமைப்பின் மூலம் டில்லிக்கு அனுப்ப வேண்டும். ஒன்றையும் மறக்கக் கூடாது. பில்லோடு வியாபாரம் செய்கிறவனுக்குத்தான் இதைக் கேட்க வாய் இருக்கும்.

இனி நம் கையில் இருக்கும் காரியங்கள். பாலிசியில் கடை, கிடங்கு என்று சரக்கு இருக்கும் எல்லா முகவரியும் இருக்கிறதா என்று பாருங்கள். வங்கியில் சரக்கின் மேல் கடன் வாங்கியிருப்போர், வங்கியே பாலிசி எடுத்திருந்தால் அதன் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தீபாவளி, பொங்கல் சமயத்தில் சரக்கு எவ்வளவு உச்சத்துக்குப் போகுமோ அந்த மதிப்பைக் கணக்கில் கொள்ளுங்கள். திருப்பிக் கட்ட வேண்டிய வரியையும் மதிப்பில் சேர்க்க முடியுமா என்று ஏஜெண்டிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கிடங்கில் மூட்டையைத் தரையில் அடுக்காமல் கட்டை போட்டு ஏற்றி அடுக்குங்கள். உப்பு, சர்க்கரை, வெல்லம் மேலே இருக்கட்டும். எண்ணெய் டின் கீழே இருக்கலாம். பற்று நோட்டு கரைந்தால் பாக்கியும் கரைந்தது. சரக்குப் பாலிசியில் கடன் பாக்கிக்கு இடம் கிடையாது. எனவே வாரம் ஒரு முறை நோட்டின் பக்கங்களைச் செல்போனில் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கோ உறவினருக்கோ அனுப்பி வையுங்கள்.

தண்ணீர் புகுந்துவிட்டால் உடனே கம்பெனிக்குத் தகவல் சொல்லிப் படம் எடுங்கள். சர்வேயர் பார்க்கும் முன் நனைந்த சரக்கைக் குப்பையில் கொட்டிவிடாதீர்கள். கெடாததைத் தனியே பிரித்து வையுங்கள். வெள்ளத்தில் ஊறிய அரிசியையும் மாவையும் காய வைத்து விற்கும் எண்ணம் மட்டும் யாருக்கும் வேண்டாம். வாங்குகிறவரும் நம்மைப் போல் வெள்ளத்தில் பட்டவர்தான்.

மொத்த வியாபாரிகளுக்கு நாம் வைக்கும் கோரிக்கை இரண்டு. ஒன்று, இந்தப் பருவத்திலிருந்து எந்தச் சரக்கும் பில் இல்லாமல் நம் வாசலைத் தாண்டக் கூடாது. இரண்டு, வெள்ளம் பாதித்த கடைக்காரரின் பழைய பாக்கியை மூன்று மாதம் நிறுத்தி வைத்து, புதுச் சரக்கைப் பழைய விலைக்கே கொடுப்பது என்று சங்கத்தில் எழுத்துப்பூர்வமாக முடிவு செய்வோம். இது தர்மம் அன்று. கடை திறந்தால்தான் பாக்கி வரும். பூட்டிய கடையிலிருந்து இதுவரை யாரும் வசூல் செய்ததில்லை.

சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்று நீர் கீழிருந்து மேல் நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால் மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பம்புகள் இரவு பகலாக ஓடுகின்றன. அழுத்தம் கண்ணுக்குத் தெரியாததால் பம்பை நிறுத்தலாம் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. அந்தச் சுரங்கத்தை நம்பி வியாபாரம் செய்யும் நாம் மட்டும் மழை தலைக்கு மேல் வந்த பிறகு பாலிசியைத் தேடுகிறோம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும் உறுப்பினர்கள் தங்கள் பாலிசியைக் கையோடு எடுத்து வாருங்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிப்போம். முதலில் நம்முடையதைப் பிரித்து வைக்கிறோம்.