செக்கில் ஆட்டினாலும் ஒன்பது கலோரிதான்

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு எங்கும் இப்போது மரச்செக்கு எண்ணெய்க் கடைகள். கருப்பட்டி போட்டு ஆட்டிய நல்லெண்ணெய், கடலெண்ணெய், தேங்காயெண்ணெய் என்று விலை கூடத்தான். ஆனாலும் கூட்டம் குறையவில்லை. "ரீஃபைண்டுக்குத்தான் சார் அளவு பாக்கணும். இது தாத்தா காலத்து எண்ணெய், எவ்வளவு ஊத்தினாலும் ஒண்ணும் பண்ணாது." நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடை போகிறவர்களே இப்படிப் பேசுகிறார்கள்.

செக்கெண்ணெயின் மணத்தை நான் குறை சொல்லவில்லை. புளியோதரைக்கு வேறு எண்ணெய் சரிப்படாது. ஆனால் செக்கில் ஆட்டினாலும் ஆலையில் சுத்திகரித்தாலும் ஒரு கிராம் கொழுப்புக்கு ஒன்பது கலோரி. நெய்க்கும் அதே கணக்கு. பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று அச்சடிப்பதும் வெறும் வியாபாரம். எந்தத் தாவர எண்ணெயில்தான் கொலஸ்ட்ரால் இருந்தது?

1918-இல் குன்னூரில் ஒரு சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரையைப் பாருங்கள். உட்கார்ந்தே வேலை பார்க்கும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,660 கலோரி, ஆணுக்கு 2,110. மொத்தக் கலோரியில் கொழுப்பின் பங்கு 30 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1,660-இல் 30 சதவீதம் 498. ஒன்பதால் வகுத்தால் 55 கிராம்.

கணக்குப் போடுகிறவர்களும் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். 55 கிராமையும் வாணலியில் ஊற்றலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். அதில் பால், தேங்காய்ச் சட்டினி, வேர்க்கடலை, பருப்பு, அரிசி வரை எல்லாக் கொழுப்பும் அடக்கம். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம்: காபிக்கும் தயிருக்குமாக 200 மில்லி போனால் அதிலேயே 12 கிராம் தீர்ந்தது. அதனால்தான் கண்ணுக்குத் தெரிகிற எண்ணெய், நெய், வெண்ணெய் எல்லாம் சேர்த்து அந்தப் பெண்ணுக்கு 20 கிராம், ஆணுக்கு 25 கிராம் என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இருபது கிராம் என்றால் நாலு டீஸ்பூனுக்குச் சற்று மேல். ஒரு நெய் ரோஸ்ட்டோடு கதை முடிந்தது.

தேங்காயெண்ணெய் பக்தர்களுக்குத் தனியாக ஒன்று. அதில் சுமார் 90 சதவீதம் நிறைகொழுப்பு. நிறைகொழுப்பு மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 1,660 கலோரிக்கு அது 18 கிராம். ஒரு மேஜைக்கரண்டித் தேங்காயெண்ணெயிலேயே 12 கிராம் வந்துவிடுகிறது.

தாத்தாவை ஏன் சாட்சிக்கு இழுக்கிறோம்? அவர் வீட்டில் வாணலி வைத்துப் பலகாரம் சுட்டது தீபாவளிக்கும் கோகுலாஷ்டமிக்கும். அவர் பேரன் அடையாற்றில் லிஃப்டில் இறங்கி, காரில் ஏறி, கணினி முன் உட்கார்கிறான், மாலையில் பஜ்ஜி. நிதி ஆயோக்கின் 2024 அறிக்கைப்படி இந்தியாவில் தலைக்கு ஆண்டுக்கு 19.7 கிலோ சமையல் எண்ணெய். ஓட்டலும் நொறுக்குத்தீனியும் சேர்த்த கணக்குதான் அது. ஆனாலும் நாளுக்கு 54 கிராம்.

தினமும் தராசு வைத்துச் சமைக்க யாராலும் ஆகாது. மாதக் கணக்குப் போதும். அலுவலக வேலை பார்க்கும் இரண்டு ஆண், இரண்டு பெண் உள்ள வீட்டுக்கு நாளுக்கு 90 கிராம், மாதத்துக்கு 2.7 கிலோ, அதாவது ஏறக்குறைய மூன்று லிட்டர். எந்தச் செக்கில் வேண்டுமானாலும் வாங்குங்கள். நெய்யும் வெண்ணெயும் அந்த மூன்றுக்குள்தான். ஓட்டலில் சாப்பிட்ட மசால் தோசையும்கூட.